கீழ்வீட்டுக்கு ஒரு நாடு வந்த வருடம்

நம் வயதுக்காரர்களில் யாருக்காவது ஆர்மேனியா மீது பொறாமை வந்ததுண்டா? பக்கத்து வீட்டுக் கார் மீது வந்திருக்கும். மச்சாளின் அட்டியல் மீது வந்திருக்கும். கூடப் படித்தவளின் பிள்ளை டாக்டரானபோது வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்து இரவு முழுக்கப் புரண்டு படுத்திருப்பீர்கள். எனக்கு ஒரு நாட்டின் மீது வந்தது. அதுவும் அந்த நாட்டின் உதைபந்தாட்ட அணி மீது. அப்போது எனக்குப் பதினொரு வயது. இப்போது முழங்கால் வலிக்குக் குளிசை போடுகிறேன். பொறாமைக்கு மட்டும் இன்னும் மருந்து அகப்படவில்லை.

லண்டனின் மேற்கே ஆக்டனில், துணி வெளுக்கும் கடை ஒன்றுக்கு மேலே இருந்த மாடியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான். ட்ரை கிளீனர்ஸ் என்று பெயர்ப்பலகை போட்டிருந்த அந்தக் கடையும் அதன் பின்பக்கத்து வீடும் ஒரு ஆர்மேனியக் குடும்பத்துடையவை. காலையில் கீழே இஸ்திரி இயந்திரம் ஓடத் தொடங்கினால் எங்கள் தரைவிரிப்பு இளஞ்சூடாகும். நீராவியோடு மருந்து வாசமும், ஏலக்காய் போட்ட கோப்பி வாசமும் படியேறி வரும். பனிக்காலத்தில் அம்மா என் பள்ளிக்கூடச் சீருடையைத் தரையில் விரித்தே காயவைப்பாள். ஹீட்டர் காசு மிச்சம் என்பாள்.

கீழ்வீட்டுக்காரர் பெய்ரூட்டில் பிறந்தவர். அங்கே சண்டை மூண்டபோது குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். ஆர்மேனியாவை அவர் கண்ணால் கண்டதில்லை. அவருடைய தகப்பனும் கண்டதில்லை. அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு. எங்களுக்குள் ஆங்கிலம்தான். ஆனால் எங்களைச் சேர்த்து வைத்தது ஆங்கிலம் அல்ல, வகுப்பறைச் சுவரில் தொங்கிய ஒரு உலகப் படம்.

அந்தப் படத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊருக்கு நிறத்தலை ஊசி குத்த வேண்டும். அயர்லாந்துக்காரப் பையன் குத்தினான், ஜமேக்காக்காரப் பெண் குத்தினாள், கதை முடிந்தது. கீழ்வீட்டுப் பெண் லெபனானில் குத்திவிட்டு, "ஆனால் நாங்கள் அது இல்லை" என்றாள். நான் இலங்கையில் குத்திவிட்டு, "ஆனால் நாங்கள் அது இல்லை" என்றேன். டீச்சருக்குக் கொஞ்சம் அலுப்பு. வகுப்பு முழுவதிலும் ஊசிக்குப் பிறகு ஒரு 'ஆனால்' போட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு மேசையில் அவள் பக்கத்தில் நான், என் பக்கத்தில் அவள். இரட்டைப் பிள்ளைகள்கூட அப்படி ஒட்டிக்கொண்டு திரிந்திருக்க மாட்டார்கள்.

பிறகு சோவியத் யூனியன் உடைந்தது. நமக்கென்ன என்று நீங்கள் அப்போது தொலைக்காட்சியை மாற்றியிருப்பீர்கள். எங்கள் வகுப்பில் டீச்சர் பழைய படத்தைச் சுருட்டி அலமாரி மேலே போட்டுவிட்டுப் புதிய படம் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். பெரிய ஒற்றை நிறமாக இருந்த இடம் இப்போது பல நிறத் துண்டுகள். கறுப்புக் கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு துண்டு, ஆர்மேனியா. கீழ்வீட்டுப் பெண் எழும்பிப் போய்த் தன் ஊசியை அதில் குத்தினாள். குத்திவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தாள். 'ஆனால்' இல்லை. வகுப்பு கைதட்டியது.

நானும் தட்டினேன். பழைய படத்தில் நாங்கள் இரண்டு பேர் வெளியே நின்றோம். புதிய படத்தில் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் ஊசி மட்டும் அதே இடத்தில், அதே 'ஆனால்' என்ற சொல்லோடு.

சரி, நாடுதானே, அதை வைத்து அவள் என்ன செய்யப் போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் பந்து வந்தது.

கீழ்வீட்டுக்காரருக்கு உதைபந்தாட்டம் என்றால் உயிர். இஸ்திரி இயந்திரத்துக்கு மேலே, நீராவியில் நெளிந்துபோன ஒரு படம் ஒட்டியிருந்தார். எங்கள் காலத்துக்கு முன்பு, யெரெவான் நகரத்து அணி சோவியத் நாடு முழுவதையும் தோற்கடித்து ஒரே வருடத்தில் லீக்கையும் கோப்பையையும் வென்றதாம். அந்த அணியின் படம் அது. பெய்ரூட்டில் விடலைப் பையனாக இருந்தபோது றேடியோவைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டாராம். "ஆனால் கோப்பையில் எழுதியிருந்தது சோவியத் என்று. எங்கள் கால், அவர்கள் பெயர்" என்பார். அங்கே நல்லாக விளையாடியவர்களை மொஸ்கோவும் கீவும் கூப்பிட்டுக்கொள்ளும் என்றும் சொல்வார். அப்பா துணி எடுக்கப் போகிற சாட்டில் நின்று இதையெல்லாம் கேட்டுவிட்டு வருவார். அப்பாவுக்கு வெளுக்கக் கொடுக்கிற மாதிரி ஒரு கோட்டுத்தான் இருந்தது. அது அந்த வருடம் வெளுத்த மாதிரி எந்த வருடமும் வெளுக்கவில்லை.

அப்பாவும் ஆடியவர். ஊர்க் கழகத்தில் வலப்பக்கத் தடுப்பு ஆட்டக்காரர். அகில இலங்கைப் பாடசாலை அணிக்கு ஆள் எடுக்கிறபோது கொழும்புக்கு வரச்சொல்லி அவருக்கு அழைப்பு வந்திருந்தது. அந்த வருடம்தான் தமிழரை அடித்து விரட்டிய எழுபத்தேழுக் கலவரம். போகவில்லை. பிறகு நெஞ்சில் இலங்கை என்று எழுதிய சேட்டைப் போட மனமும் வரவில்லை. இதை அவர் பகிடியாகத்தான் சொல்வார். "என்ரை நெஞ்சிலை ஊர்ப் பேரைத் தவிர வேறை ஒண்டும் ஏறேல்லை" என்பார். அம்மா சிரிக்க மாட்டாள்.

அந்த இலையுதிர்காலத்தில் ஆர்மேனியாவின் முதல் சர்வதேச ஆட்டம் நடந்தது. மொல்டோவாவுக்கு எதிராக, யெரெவானில். எந்தத் தொலைக்காட்சியும் அதைக் காட்டவில்லை. கீழ்வீட்டுக்காரர் கடையைப் பாதி நாளில் சாத்திவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். சுருள் கம்பி வைத்த சிவப்புத் தொலைபேசி. பாரிஸில் இருந்த தமையன் எங்கேயோ விசாரித்து இவருக்கு அழைப்பு எடுப்பதாக ஏற்பாடு. மணி அடித்தது. கீழே ஒரே கூச்சல், மேசையில் அடிக்கிற சத்தம், யாரோ அழுகிறார்கள். ஐந்தாறு கோல் அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் அவள் ஒரு தட்டில் வால்நட்டும் காய்ந்த அப்ரிகொட்டும் சீனி தூவிய பணியாரமும் கொண்டு மேலே வந்தாள்.

"என்ன முடிவு?" என்று கேட்டேன்.

"பூச்சியத்துக்குப் பூச்சியம்!" என்றாள். முகம் மின்னியது.

அவள் போன பிறகு அம்மா தட்டைப் பார்த்தாள். "பூச்சியத்துக்கு இனிப்புக் குடுக்கிற ஆக்களை இப்பத்தான் பாக்கிறன்."

"சும்மா இருமப்பா," என்றார் அப்பா. "அது அவையின்ரை பூச்சியம்."

நான் அந்த இனிப்பைத் தொடவில்லை. பிறகு ஒருவரும் பார்க்காதபோது ஒன்றைத் தின்றேன். ருசியாக இருந்தது என்பதற்காகவும் கோபம் வந்தது.

குளிர்காலம் முழுக்க அவள் வாயில் வேறு கதை இல்லை. அவர்களுக்குச் சொந்தமாக ஒரு லீக் வந்துவிட்டதாம். முதல் வருடக் கோப்பையை இரண்டு கழகங்களுக்குப் பங்கிட்டார்களாம். அதில் ஒன்று பூகம்பத்தில் தரைமட்டமான நகரத்துக் கழகமாம். அங்கே எல்லையில் போர், வீடுகளில் மின்சாரம் இல்லை, விறகுக்கு மரம் தறிக்கிறார்கள், ஆனால் பந்து உருள்கிறது. இதையெல்லாம் கேட்டு நான் எரிந்தேன். மின்சாரம் இல்லையா? யாழ்ப்பாணத்திலும் மின்சாரம் இல்லை. போரா? எங்களிடமும் இருந்தது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடா, அதுவும் இருந்தது. பந்தும் எங்கள் ஊர் வெளிகளில் உருண்டுகொண்டுதான் இருந்தது. துன்பத்தில் அவளுக்கு நான் ஒரு படி குறைந்தவள் இல்லை. பிறகு ஏன் அவளுக்கு அணி, எனக்கு இல்லை? பதினொரு வயதில் எனக்கு உலக அரசியல் இந்த ஒரு கேள்விதான்.

தை மாதமளவில் அந்த ஆட்டத்தின் வீடியோக் காசெட் எங்கெல்லாமோ சுற்றி வந்து சேர்ந்தது. எங்களையும் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்துக் காசெட் இங்கத்தைய பெட்டியில் நிறமில்லாமல்தான் ஓடும் என்பது அன்றுதான் தெரிந்தது. கறுப்பு வெள்ளையில், மழை பெய்கிற மாதிரிக் கோடு கோடாக, யார் யார் பக்கம் என்றே தெரியாத ஆட்டம். அவள் திரையைத் தொட்டுத் தொட்டு, இது சிவப்பு, இது நீலம், இது செம்மஞ்சள் என்று எனக்குக் கொடி காட்டினாள். எனக்குச் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. அதுவே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கோப்பியை ஆறவிட்டு முன்னால் சாய்ந்து, வலப்பக்கத் தடுப்பு ஆட்டக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் கீழ்வீட்டுக்காரர் கேட்டார். வசந்தம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஒரு சிநேக ஆட்டம் வைக்கலாமா? லண்டன் ஆர்மேனியரும் லண்டன் தமிழரும். அப்பா யோசிக்காமலே ஓம் என்றார். நான் மறுநாளே பள்ளிக்கூடத்தில் அவளிடம் சொல்லிவிட்டேன்: எங்களுக்கும் அணி இருக்கிறது, என் அப்பாதான் கப்டன். அவள் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவளோடு சமனாக நின்றால் போதும்.

இனி நடந்ததை நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் ஒருவரும் நம்பமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஒரு விளையாட்டுக் கழகம். லண்டனுக்கு வந்தும் அதே ஊர், அதே கழகம், அதே நிறம். கோடையில் சுற்றுப்போட்டி வைத்தால் முப்பது அணி வரும். 'தமிழர்' என்று ஒரு அணி கேட்டால் ஒன்றும் வராது. அப்பா ரெய்னர்ஸ் லேனில் வான் வண்டி ஓட்டிய பக்கத்து ஊர்க்காரருக்கும், குட்மேய்ஸில் கடை வைத்திருந்த கடற்கரை ஊர்க்காரருக்கும் சொல்லி, தன் ஊர் ஆட்களையும் சேர்த்து எங்கள் வீட்டு இருக்கை அறையில் கூட்டம் வைத்தார். அம்மா ரோல்ஸ் பொரித்தாள். நான் தேத்தண்ணித் தட்டோடு கதவில் நின்று கேட்டேன்.

முதல் கேள்வி சேட்டு நிறம்.

"நீலம் நல்லது," என்றார் ரெய்னர்ஸ் லேன் வான்காரர்.

"நீலம் உங்கட கிளப் நிறம். எங்கட பெடியள் செத்தாலும் போடமாட்டினம்," என்றார் குட்மேய்ஸ் கடைக்காரர்.

"அப்ப மஞ்சள்?"

"மஞ்சள் போட்டவைதானே அண்டைக்குப் பைனலிலை எங்கட கோலைக் கோல் இல்லையெண்டவை?"

"அது கோலே இல்லை, அண்ணை. பந்து கம்பத்துக்கு வெளியாலை போனது."

"நீ கண்டனியோ? அப்ப நீ பிறந்தனியோ?"

அடுப்படியில் இருந்து அம்மா குரல் வந்தது. "அப்ப எல்லாரும் வெறும் மேலோடை விளையாடுங்கோவன்."

கடைசியில் வெள்ளை என்று முடிந்தது, அது ஒருவருடையதும் இல்லை என்பதால். வெள்ளைக்கும் ஒருவர் மறுப்புச் சொல்ல வாயெடுத்தார். அம்மா ரோல்ஸ் தட்டை அவர் மடிக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்தாள். நெஞ்சில் என்ன எழுதுவது என்று நான் அப்பாவிடம் மெல்லக் கேட்டேன். "ஒண்டும் வேண்டாம் பிள்ளை. எழுதினால் பிறகு அதுக்கும் ஒரு கூட்டம் வைக்க வேணும்."

அடுத்த கேள்வி, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர். பதினொன்றை மூன்று ஊருக்குச் சமனாகப் பிரிக்க ஏலாது என்பது அங்கிருந்த ஒரு எஞ்சினியருக்கும் இரண்டு கணக்காளருக்கும் விளங்க வெகுநேரம் பிடித்தது. நாலு, நாலு, மூன்று என்றார் அப்பா. மூன்று தன் ஊருக்கு, அதில் ஒன்று தனக்கு. குட்மேய்ஸ் கடைக்காரர் எழும்பிச் செருப்பைத் தேடத் தொடங்கினார். ஐந்து தராவிட்டால் குட்மேய்ஸ் வான் வராது என்றார். அறை முழுக்க அப்பாவைப் பார்த்தது.

"சரி," என்றார் அப்பா. "என்ரை இடத்தை எடுங்கோ. எனக்கென்ன, வயசும் போட்டுது."

அவருக்கு அப்போது முப்பத்தைந்து. எல்லோரும் அவரைப் பெரிய மனுசன் என்றார்கள், முதுகில் தட்டினார்கள், மிச்ச ரோல்ஸைச் சாப்பிட்டார்கள். அப்பா ஒற்றுமையை வாங்கிவிட்டதாக நினைத்தார். எனக்கு இப்போது தெரிகிறது, அவர் வாங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினொரு வெள்ளைச் சேட்டு மட்டும்தான். எனக்கு அன்று தெரிந்தது, என் கப்டன் போய்விட்டார். கீழே போய் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. அந்த ஞாயிறு வராமலே இருக்கட்டும் என்று வேண்டினேன்.

வந்தது. தூறலோடு வந்தது. பூங்காப் புல் சேறாகி, கோல் கம்பங்களின் வெள்ளைப் பூச்சுக்குள்ளால் துரு தெரிந்தது. ரெய்னர்ஸ் லேன் வானில் இருந்து நாலு பேருக்குப் பதில் பத்துப் பேர் இறங்கினார்கள். குட்மேய்ஸ் வானில் இருந்து பன்னிரண்டு பேர். சேட்டு போதாது என்று ஆளுக்கொரு வெள்ளைப் பனியனோடு வந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் தங்கள் சொந்தக் கோல்காப்பாளரையும் கொண்டுவந்திருந்தார்கள். கோட்டுக்கு வெளியே நிற்க ஒருவரும் வரவில்லை, எல்லோரும் ஆடத்தான் வந்திருந்தார்கள். அதோடு மழை கொஞ்சம் பலமாகப் பிடித்தது. வெள்ளைத் துணி நனைந்து உடம்போடு ஒட்ட, உள்ளே போட்டிருந்த கழகச் சேட்டுகள் வெளியே தெரிய ஆரம்பித்தன. ஒருவர் நீலம், ஒருவர் மஞ்சள், ஒருவர் பச்சைக் கோடு. அம்மா குடைக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

ஆர்மேனியர் எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். சிவப்புச் சேட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே மூன்று நிற நாடா. கீழ்வீட்டு அம்மா கடை இயந்திரத்தில் தைத்தது. மற்றவர்களுக்குச் சளி, காய்ச்சல் என்று சொன்னார்கள். வெகுகாலத்துக்குப் பிறகுதான் அந்தக் காய்ச்சலின் கதை தெரிந்தது. பெய்ரூட்டில் இருந்து வந்தவர் கூப்பிட்டால் தெஹ்ரானில் இருந்து வந்தவர் வரமாட்டார். சைப்ரஸ்காரருக்கு இரண்டு பேரோடும் கோபம். நம்மைப் போலத்தான். ஆனால் நம்மைப் போலச் சண்டை பிடித்துக்கொண்டே அவர்கள் ஒரு நாட்டை வைத்திருந்தார்கள். இது தெரிந்த அன்று என் பொறாமை குறையும் என்று பார்த்தேன், கூடியது.

கீழ்வீட்டுக்காரர் மழையில் நனைந்தபடி அப்பாவிடம் வந்தார். "உங்களிடம் இவ்வளவு பேர் இருக்கிறார்கள். எனக்கு மூன்று பேர் கடன் தாருங்கள்."

அப்பா நம் பக்கம் திரும்பிக் கேட்டார். யாருக்கு இடம் கிடைப்பது என்று அதுவரை கழுத்தைப் பிடிக்காத குறையாக நின்றவர்கள் எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"ஐயோ அண்ணை, வேறை ஆக்களின்ரை சேட்டை எப்பிடிப் போடுறது?"

"ஊரிலை கேள்விப்பட்டால் பகிடி பண்ணுவினம்."

அப்பா தன் ஒரே கோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். கீழ்வீட்டுக்காரர் பையிலிருந்து ஒரு சிவப்புச் சேட்டை எடுத்து நீட்டினார். அது அப்பாவுக்கு வயிற்றில் இறுக்கமாக இருந்தது. மூன்று நிறமும் நெஞ்சில் வளைந்து நின்றன.

"உன் அப்பா எங்கள் ஆள்!" என்று கீழ்வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக் குதித்தாள். கையை உதறினேன். நாடு உனக்கு, அணி உனக்கு, கொடி உனக்கு. இருந்த ஒரே ஒரு கப்டனும் உனக்கா? அவளை அந்தச் சேற்றில் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கோட்டோரம் நின்ற நம் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் எவ்வளவு பேர்," என்றாள். "கூப்பிட்டதும் இத்தனை பேர் வருகிறார்கள். எங்கள் அப்பா மூன்று கிழமையாகத் தொலைபேசியில் கெஞ்சினார்."

அவள் குரலில் இருந்தது என்ன என்று எனக்கு நல்லாகத் தெரியும். அதே நோய்தான் எனக்கும். ஆனால் அதைக் கேட்டு மனம் இளக நான் தயாராக இல்லை. ஆட்கள் வைத்திருப்பதும் அணி வைத்திருப்பதும் ஒன்றா?

ஒன்பது பேரோடு ஆர்மேனியா ஆடியது. நம் பக்கம் பதினொருவர் உள்ளே, மிச்சப் பேர் கோட்டில் நின்று ஆளை மாற்று ஆளை மாற்று என்று கத்தினார்கள். அப்பாவை அப்படி நான் கண்டதே இல்லை. ஷிப்ட் முடிந்து கால் நோகுது என்று படியில் ஒரு நிமிடம் நின்று ஏறி வருகிற மனிதன், நம் பெடியன்களின் காலடியில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைப் பறித்தார். "அண்ணை, எங்கட பக்கத்தை விடுங்கோ!" என்று வான்காரர் சிரித்துக்கொண்டே கெஞ்சினார். அப்பா விடவில்லை. முன்னால் நின்ற ஆர்மேனியர்களுக்குத் தமிழிலேயே உத்தரவு போட்டார். "ஓடு! ஓடு! விடாதை!" அவர்களுக்கு ஒரு சொல் விளங்கியிருக்காது, ஓடினார்கள்.

நம் ஆட்கள் மூன்று கோல், அவர்கள் ஒன்று. விசில் ஊதியதும் நம் பக்கத்தில் கூச்சல் எழுந்தது. நானும் கத்திக்கொண்டு ஓடினேன். வென்றுவிட்டோம்! அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓடினேன். ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் நம் கூச்சலின் சத்தம் மாறிவிட்டது. மூன்று கோலில் இரண்டு எங்கள் ஊர் என்றார் கடைக்காரர். இரண்டாவதை அடித்தவன் பிறந்தது எங்கள் ஊர், கலியாணம் கட்டினதுதான் உங்கள் ஊர் என்றார் வான்காரர். மழைக்குள் நின்று அவனுடைய சாதகம் வரை போனார்கள்.

அந்தப் பக்கம் தோற்றவர்கள் ஒரு துணியை விரித்து, இறைச்சி பூசிய மெல்லிய ரொட்டியைச் சுருட்டிச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தோளோடு தோள் கோத்து ஏதோ பாடினார்கள். நடுவில் அப்பா. பாட்டுத் தெரியாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு, முழங்கால் முழுக்கச் சேறு, நெற்றியில் ஒரு கீறல். நான் போய் அவர் கையை இழுத்தேன்.

"அப்பா, நாங்கள் வெண்டிட்டம். மூண்டு ஒண்டு."

அப்பா என்னைக் குனிந்து பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நாங்கள் தோத்துப்போனம் பிள்ளை," என்றார். "ஆனா நல்லா விளையாடினம், என்ன?"

வென்ற பக்கத்தில் ஒருவர் முகத்திலும் அந்தச் சிரிப்பு இல்லை.

அதன் பிறகு ஆர்மேனியா பெரிய ஐரோப்பிய அணிகளோடு மோதத் தொடங்கியது. அநேகமாகத் தோற்றது. எப்போதாவது வென்றது. கீழ்வீட்டுக்காரர் கடையை விற்றுக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். அவருடைய மகளோடு எனக்கு இப்போது தொடர்பு இல்லை. ஆனால் ஞாயிறு பேப்பரில் முடிவுகள் போடுகிற பக்கத்தில், சின்ன எழுத்தில், அந்தப் பெயரைத் தேடிப் பார்ப்பேன். நாலு பூச்சியம் என்று தோற்றிருந்தாலும் வயிறு எரியும். தோற்றதாகப் போட்டிருக்கிறார்களே, அந்தப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு வரி இருக்கிறதே என்று எரியும். வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். உங்களில் சிலருக்கும் எரியும் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு மாலை மேலே வந்ததும் அம்மா குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டாள். அப்பா குளிக்கப் போகவில்லை. கதிரையில் பேப்பர் விரித்து அதன் மேல் அந்தச் சேற்றோடேயே உட்கார்ந்திருந்தார். அவரோடு கோபமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நெஞ்சில் இருந்த நாடாவைத் தொட்டுப் பார்த்தேன். முதலில் சிவப்பு, பிறகு நீலம், பிறகு செம்மஞ்சள். தையல் நேராக இருந்தது. அப்பா கையை எடுத்து எனக்கு வழி விட்டார்.

"தண்ணி ஆறுது," என்றாள் அம்மா. "அந்தச் சேட்டைக் கழட்டித் தாங்கோ. துவைச்சுக் கீழை குடுக்க வேணும். அது அவையின்ரை எல்லே?"

"ஓம், அவையின்ரைதான்," என்றார் அப்பா. ஆனால் எழும்பவில்லை.

அம்மா துவாயோடு வாசலில் நின்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமப்பா," என்றார்.

அம்மா போய்க் குழாயை மூடிவிட்டு வந்து, எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள்.